திரை பேசாத அந்த இரண்டு நிமிடம்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "என் லேப்டாப்பில் லினக்ஸை நானே போட்டுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்குகிற, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். எனக்குப் பார்வை இல்லை என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பிரிண்டர் சிக்கல் கேட்டவர்களும் போன் எது வாங்கலாம் என்று கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: சார், நான் பி.எட். படிக்கிறேன், பிறவியிலேயே பார்வை கிடையாது. 2016-ல் அண்ணன் வாங்கிய லேப்டாப் என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று கடைக்காரர் சொல்கிறார். அப்போ லினக்ஸ் போடலாமா என்றால் "உனக்கு அது சரிப்பட்டு வராது தம்பி" என்கிறார். உண்மையா? யாரும் பக்கத்தில் இல்லாமல் நானே போட முடியுமா? (திருநெல்வேலி)

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். 2016 மெஷினில் அந்தப் பிராசஸர் இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாம் பாதி தப்பு. அவர் லினக்ஸைத் திரையில் பார்த்திருப்பார், காதால் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். நீங்களே போடலாம். ஆனால் முழுக்க முழுக்கத் தனியாகவா என்று கேட்டால், ஒரு இரண்டு நிமிடம் மட்டும் கணினி வாயே திறக்காது, அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் உங்கள் கையில்தான். எங்கே பேசும், எங்கே பேசாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருவதுதான் இதில் பாதி வேலை. முதல் முறை எனக்கு அது தெரியாது. மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் இரண்டு தடவை ஆஃப் செய்தேன்.

உங்களுக்கு நான் சொல்லுவது டெபியன் என்கிற லினக்ஸ் வகை. இதில் இன்ஸ்டாலரே பேசும். மற்ற பல லினக்ஸ்களில் முதலில் டெஸ்க்டாப்பைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, அதில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைக் கிளப்பி, அப்புறம் இன்ஸ்டால் ஐகானைத் தேடிப் போக வேண்டும். டெபியனில் அந்தச் சுற்று இல்லை. ஒரு கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் அடுத்த கேள்வி, அவ்வளவுதான். இன்டர்வியூ மாதிரி.

முதலில் விண்டோஸில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை. உங்கள் பாடக் குறிப்புகள், ஆடியோ பாடங்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, எடுத்தது திறக்கிறதா என்றும் பாருங்கள். டெபியனின் சிறிய இன்ஸ்டாலர் ஃபைலை, நெட்இன்ஸ்ட் என்பார்கள், ஒரு ஜிபிக்குள்தான் வரும், அதை இறக்கி ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸை விண்டோஸின் ஸ்கிரீன் ரீடர்களில் ஒன்றான என்விடிஏ படிக்கும், டேப் அடித்துக்கொண்டே போனால் போதும். எழுதும் முறை எது என்று கேட்டால் டிடி முறையைச் சொல்லுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதில் அக்காவின் கல்யாண வீடியோ இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு நிமிடம். கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடுவது பயாஸ் என்கிற, போர்டிலேயே இருக்கும் சிறு மென்பொருள். இன்றைக்கு வரை நமக்குக் கிடைக்கிற சாதாரண லேப்டாப் எதிலும் அது பேசாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்து கிளம்பு என்று சொல்ல வேண்டியது அங்கேதான். ஆன் செய்த கையோடு ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை பயாஸுக்குள் போய் முதலில் இயக்கி வைக்க வேண்டும். மெனு வந்ததா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. இந்த இடத்தில் போன் கேமராவை எடுத்து, சீயிங் ஏஐ மாதிரி எழுத்தைப் படிக்கும் ஆப்பைத் திரைக்கு நேரே பிடியுங்கள். அல்லது பி மை ஐஸில் கூப்பிட்டால் யாரோ ஒருவர் கேமரா வழியாகப் பார்த்து "மூன்றாவதில் இருக்கிறது, இன்னும் ஒரு தடவை கீழே" என்று சொல்லுவார். இரண்டும் வேண்டாமென்றால், கண் தெரிந்த ஒருவரை ஒரே ஒரு முறை பயாஸுக்குள் போய் யூஎஸ்பியை முதல் இடத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவர் வேண்டாம், பென்டிரைவ் சொருகியிருந்தால் அதிலிருந்து கிளம்பும், இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து. அடையாளம் தெரியாத மென்பொருளைக் கிளம்பவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா என்று பயப்படாதீர்கள். 2019-ல் வந்த டெபியன் 10 முதலே அது இயங்கியபடியே டெபியன் ஏறும். அதற்காக இன்னொரு ஊமைத் திரைக்குள் போகிற வேலை மிச்சம்.

பென்டிரைவிலிருந்து கிளம்பியதும் ஒரு பீப் கேட்கும். பழைய பயாஸ் முறை என்றால் ஒன்று, அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை என்றால் இரண்டு. அதைக் கேட்டதும் 'எஸ்' தட்டி எண்டர். சில லேப்டாப்களில் பீப் காதில் விழாது. அப்போது எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், 30 விநாடிக்கு எதுவும் அழுத்தவில்லை என்றால் இப்போதைய டெபியன் தானாகவே பேச்சோடு கிளம்பிவிடும். யார் இதை யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. பதற்றத்தில் எதையாவது தட்டினால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும் என்பதுதான் ஒரே கவனம்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் மௌனம்தான். பிறகு ஒரு இயந்திரக் குரல், ஆங்கிலத்தில், ஆமை வேகத்தில் வரும். உங்கள் மெஷினில் ஒலி வெளியே போகும் வழி ஒன்றுக்கு மேல் இருந்தால், எச்டிஎம்ஐயும் ஒரு வழியாக எண்ணப்படும், ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசிப் பார்த்து "கேட்டால் எண்டர் அடி" என்று சொல்லும். கேட்டதும் அடித்துவிடுங்கள். குரல் வேகம் போதாதென்றால் கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு 6, குறைக்க 5. சத்தம் கூட்ட கேப்ஸ் லாக்குடன் 2, குறைக்க 1. என்விடிஏவை வேகமாக வைத்துப் பழகியவர்கள் முதலில் 6-ஐ நாலைந்து தடவை அடித்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவது மனநிம்மதிக்கு நல்லது.

இனி எல்லாம் எண்கள்தான். பட்டியலைப் படிக்கும், வேண்டியதன் எண்ணை அடித்து எண்டர். அது சொல்லும் இயல்பான பதிலே போதும் என்றால் வெறும் எண்டர். முந்தைய கேள்விக்குத் திரும்ப, ஷிஃப்டும் கமாவும் சேர்த்து வரும் 'விடச் சிறியது' குறி. பதிலைக் காலியாக விட ஆச்சரியக்குறி. மொழிக்கு ஆங்கிலத்தையே சொல்லுங்கள், நாட்டுக்கு இந்தியா. நெட்டுக்கு வைஃபை பாஸ்வேர்டைத் தடவித் தடவி அடிப்பதைவிட, போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டுவிடுங்கள், வயர் போட்ட நெட் மாதிரி அது எடுத்துக்கொள்ளும்.

கை நடுங்குகிற இடம் டிஸ்க் பிரிக்கிற இடம். என் அபிப்பிராயம், உங்கள் விஷயத்தில் முழு டிஸ்க்கையும் டெபியனுக்கே கொடுத்துவிடுங்கள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அப்புறம் ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் எதற்குள் போகிறாய் என்று கேட்கும் கிரப் என்ற இன்னொரு பேசாத மெனு வந்து நிற்கும். அதைப் பீப் அடிக்க வைக்கலாம், அம்புக்குறியை எண்ணிப் பழகலாம், எல்லாம் சரி, முதல் முறைக்கு வேண்டாம். கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் "இந்த மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா" என்று கேட்கும்போது மட்டும் இயல்பான பதில் 'நோ'. அதாவது இதுவரை எண்டர் எண்டர் என்று அடித்துப் பழகிய விரல் இங்கேயும் அடித்தால் எதுவும் அழியாது, திரும்ப வந்துவிடும். 'யெஸ்'ஸுக்கான எண்ணை வேண்டுமென்றே அடித்தால்தான் எழுதும். அதை அடிப்பதற்கு முன், எந்த டிஸ்க், எத்தனை ஜிபி என்று அது சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பென்டிரைவும் அந்தப் பட்டியலில் வரும், வெளி டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதுவும் வரும். ஆகவே அதைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு உட்காருங்கள்.

எந்த டெஸ்க்டாப் என்று கேட்கும் பட்டியலில் மேட் என்பதன் எண்ணைக் கொடுங்கள். பழைய மெஷினுக்குப் பாரம் இல்லை, மெனு, பேனல் எல்லாம் பழைய விண்டோஸ் மாதிரி வரிசையாக இருக்கும், லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஓர்கா அதில் தடுமாறாது. அப்புறம் பதிவிறக்கம் ஓடும். நெட்டைப் பொறுத்து அரை மணியோ ஒன்றரை மணியோ ஆகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பேச்சோடு இன்ஸ்டால் செய்திருந்தால் புதுக் கணினியும் பேச்சோடுதான் எழுந்திருக்கும், அதற்கென்று தனியாக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: என் தங்கைக்குப் பார்வை இல்லை, லினக்ஸ் போட்டே தீருவேன் என்கிறாள். எனக்குக் கணினி ஓரளவு தெரியும். நானே போட்டுக் கொடுத்துவிட்டால் அரை மணியில் முடிந்துவிடும். அவள் விட மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய? (சேலம்)

தங்கை சொல்வதைக் கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். பூட் மெனுவில் வரியை வாசித்துச் சொல்லுங்கள், அதுவும் "அங்கே", "இந்தப் பக்கம்" என்று சொல்லாமல் "மேலிருந்து இரண்டாவது வரி, இப்போது முதல் வரியில் நிற்கிறது" என்று சொல்லுங்கள். குரல் வந்தவுடன் வாயை மூடிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்ஸ்டாலரும் பேசி நீங்களும் பேசினால் அவளுக்கு இரண்டும் கேட்காது. எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே நடந்திருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் மானிட்டரைப் பார்த்து வழக்கமான கிராஃபிகல் இன்ஸ்டாலில் போட்டுக் கொடுத்தால், முடிந்து வரும் கணினி பேசாமல் வரும். பிறகு ஸ்கிரீன் ரீடரை லாகின் திரையில் ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று தனியாக இயக்க வேண்டியிருக்கும். அரை மணியில் முடிந்துவிடும் என்றீர்களே, அந்த மிச்ச நேரம் அங்கே போய்விடும்.

கேள்வி: பார்வையற்றோருக்கென்றே தனி லினக்ஸ் இருக்கிறதாமே? அதை விட்டுவிட்டு ஏன் எல்லோரும் டெபியன், உபுண்டு என்கிறீர்கள்? (கோவை)

இருந்தது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து வினக்ஸ் என்று ஒன்று வந்தது, போட்டவுடன் பேசும், நம் ஆட்கள் பலர் லினக்ஸுக்குள் காலெடுத்து வைத்ததே அதில்தான். இப்போது அது இல்லை. சோனார் என்று இன்னொன்று இருந்தது, அதுவும் இல்லை. ஒரு கைப்பிடி ஆட்கள் ஓய்வு நேரத்தில் நடத்துகிற தனிக் கடை எத்தனை நாள் ஓடும்? அவர்களில் ஒருவருக்கு வேலை மாறினால், உடம்பு சரியில்லாமல் போனால், உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதனால்தான் தனி லினக்ஸ் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய வீட்டிலேயே நமக்கும் ஒரு வாசல் இருக்க வேண்டும்.

நாப்பிக்ஸைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், இன்ஸ்டாலே செய்யாமல் சிடியிலிருந்து நேரே ஓடும் லினக்ஸைப் பிரபலமாக்கியவர். அதற்குள் அட்ரியானே என்று ஒரு பேசும் மெனு வைத்தார். ஐகான், ஜன்னல் எதுவும் கிடையாது, மேலே கீழே அம்பு அடித்தால் மின்னஞ்சல், இணையம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அட்ரியானே என்பது பார்வைக் குறைபாடு உள்ள அவர் மனைவியின் பெயர், அதை உருவாக்குவதில் அவரும் உதவினார். கணினியே தொட்டதில்லை என்கிற பெரியவர்களுக்கு இன்றைக்கும் அந்த மாதிரி மெனுதான் சரி என்று தோன்றுகிறது.

உபுண்டுவா டெபியனா என்றால், பென்டிரைவிலிருந்து ஓடவிட்டுச் சும்மா பார்க்க மட்டும் ஆசை என்றால் உபுண்டு. கிளம்பி முடிக்க ஓரிரு நிமிடம் கொடுத்துவிட்டு ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அடியுங்கள், ஓர்கா பேச ஆரம்பிக்கும். சூப்பர் என்பது விண்டோஸ் கீதான், லினக்ஸ்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்ல மனசு வராது.

கேள்வி: பத்து வருடமாக என்விடிஏ. லினக்ஸுக்கு மாறினால் எல்லாக் கீயையும் முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டுமா? (தஞ்சாவூர்)

முக்கால்வாசி வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் 'எச்' அடித்தால் அடுத்த தலைப்பு, 'கே' அடித்தால் அடுத்த லிங்க், 'டி' அடித்தால் அட்டவணை, எல்லாம் அப்படியே. ஓர்காவுக்கும் இன்சர்ட்தான் தலைமைக் கீ, லேப்டாப் அமைப்பில் கேப்ஸ் லாக்.

கால் இடறும் இடம் ஒன்று உண்டு. என்விடிஏவில் இன்சர்ட்டும் ஸ்பேஸும் அடித்தால் படிக்கும் நிலையிலிருந்து எழுதும் நிலைக்கு மாறும் அல்லவா, ஓர்காவில் அதே கீ ஓர்காவின் அமைப்புகளைத் திறந்து வைக்கும். இங்கே நிலை மாற்ற இன்சர்ட்டும் 'ஏ'வும். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் நான் அமைப்பு ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இன்சர்ட்டும் 'எச்'சும் அடித்தால் பழகும் நிலை, அதில் எந்தக் கீயைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், வெளியே வர எஸ்கேப். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: மகனுக்குப் பார்வை இல்லை, தமிழ்மொழி மூலம் படிக்கிறார். அவருடைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டால் தமிழ் வாசிக்குமா? தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? (யாழ்ப்பாணம்)

வாசிக்கும். ஆனால் குரலைக் கேட்டு முதல் நாள் அவர் முகம் சுளிப்பார், அதைச் சொல்லாமல் மறைத்தால் தப்பு. ஓர்காவோடு வருவது ஈஸ்பீக் என்ற குரல். அது மனிதரைப் பேசவைத்துப் பதிவுசெய்து ஒட்டிய குரல் அல்ல. ஒலியையே கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அதனால்தான் சில எம்பிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் அடங்குகின்றன, எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் உடையாது. ஆனால் இனிமை கிடையாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் வருகிற தமிழ்க் குரலைக் கேட்டுப் பழகியிருந்தால் இது தகரத்தைத் தட்டுவது மாதிரி இருக்கும். இரண்டு வாரம் கொடுங்கள், பழகும்.

தமிழுக்கென்றே இருக்கிற ஒரு தொல்லை, எந்த இயந்திரக் குரலும் தடுமாறுவது. நமக்கு 'ப' ஒன்றுதான். பஸ் என்று எழுதினால் அது எந்த 'ப' என்று நமக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது, 'பல்' என்ற சொல்லில் வருகிற 'ப'வையே போட்டுப் படிக்கும். பூட், டிஸ்க், டெபியன் என்று நான் எழுதியிருக்கிற இந்தப் பக்கத்தை ஈஸ்பீக்கில் கேட்கிறவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாடப் புத்தகத் தமிழில் இந்தத் தொல்லை குறைவு.

தட்டச்சுக்குத் தமிழ்99 பழகச் சொல்லுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். நமக்கு அதில் உள்ள பெரிய சௌகரியம், ஆங்கில ஒலியில் அடித்துத் திரையில் வரும் பரிந்துரைப் பட்டியலிலிருந்து சொல்லைப் பொறுக்குகிற வேலை இல்லை, அடித்தது அடித்தபடி வரும். பிரெய்லி கருவி வைத்திருந்தால் அதுவும் ஆகும், பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் பெரும்பாலான யூஎஸ்பி கருவிகளை அடையாளம் கண்டுகொள்கிறது, எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் லிப்லூயியில் தமிழ் அட்டவணையும் உண்டு. டெபியன் இன்ஸ்டாலரையே பிரெய்லியில் படித்துக்கொண்டு முடிக்கலாம். பேச்சு ஒத்துவராத, காதும் மந்தமான ஒருவருக்கு அது ஒன்றுதான் வழி.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்டதையும் பார்வையற்றவர்கள் தலையில் கட்டாதீர்கள். விலை கொடுத்து வாங்குகிற ஜாஸ் ஸ்கிரீன் ரீடர் மாதிரி வருமா? நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், லினக்ஸை வைத்து எனக்கு ஒரு நாள் கூட ஓடாது. (சென்னை)

உங்களுக்கு ஓடாது, ஒப்புக்கொள்கிறேன். அலுவலக மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் அங்கே விண்டோஸ்தான், அதில் வீம்பு பிடிக்க ஒன்றும் இல்லை. வேலைக்குப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்லுவேன், எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்களோ அந்த நாற்காலியில் பழகுங்கள். எக்செல்லில் பெரிய ஷீட்டுகளோடு மல்லுக்கட்டும் ஒருவரை லிப்ரெஆபீஸுக்கு மாறு என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன்.

ஆனால் இலவசம் என்ற சொல்லில் இருக்கிற அந்த இளக்காரம் வேண்டாம். இன்று நம்மில் எத்தனை பேர் என்விடிஏ வைத்திருக்கிறோம்? அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் தொடங்கி, ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டு வளர்த்தது. இருவருக்குமே பார்வை கிடையாது. ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு கணினி விலை கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் அது வந்தது.

லினக்ஸ் பக்கமும் அதே கதைதான். கணினி கிளம்பும்போது வரும் எழுத்தையே படிக்கிற ஸ்பீக்கப்பைத் தொடங்கிய கெர்க் ரைசர் பார்வையற்றவர். 2020-ல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சோதனைக் கிடங்கிலிருந்து வெளியே வந்து முறையான பகுதியாகச் சேர்ந்தது. டெபியன் இன்ஸ்டாலரில் நீங்கள் கேட்கும் பேச்சு, ஸ்பீக்கப்பும் ஈஸ்பீக்கும் கைகோத்துச் செய்வது. ஓர்காவைச் சன் நிறுவனத்தில் தொடங்கியவர் மார்க் மல்கஹி, அவருக்கும் பார்வை இல்லை. புணேயில் 14 வயதில் பார்வையை இழந்த டி.வி. ராமன், ஐஐடி மும்பையில் படித்து, கார்னெலில் 1994-ல் முனைவர் பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டே ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் பணிமேடையை வெளியிட்டார். கணக்குச் சமன்பாட்டைக் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே புரிய வைப்பது எப்படி என்பதுதான் அவருடைய ஆய்வு. தலையில் கட்டுகிறேன் என்கிறீர்களே, கட்டியவர்கள் எல்லாம் நம் ஆட்கள்.

கேள்வி: உபுண்டு போட்டேன், நன்றாகப் பேசியது. நேற்று ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப் வரும் சத்தம் வருகிறது, ஓர்கா மட்டும் பேச்சு மூச்சு இல்லை. திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டுமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம். முதலில் ஆல்ட், சூப்பர், எஸ் ஒரு தடவை அடித்துவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். அது ஆன் செய்யவும் அதுதான், ஆஃப் செய்யவும் அதுதான், ஆகவே பதற்றத்தில் நாலு தடவை அடித்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பேசவில்லையா, ஆல்ட் எஃப்2 அடித்து ஓர்கா என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து எண்டர். அப்போதும் இல்லையென்றால் ஓர்கா உயிரோடுதான் இருக்கும், ஒலி வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றுங்கள், புளூடூத் ஹெட்செட் அடுத்த அறையில் ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். என் வீட்டில் ஒரு காலை முழுக்க நான் தேடிய ஓர்கா, பீரோவுக்குள் இருந்த ஹெட்போனில் அழகாகப் பேசிக்கொண்டிருந்தது.

கேள்வி: நீங்கள் போன இதழுக்கு முன்னாடியே எனக்குத் தொலைபேசியில் சொன்னபடி டெபியன் போட்டேன் சார், எல்லாம் முடிந்தது என்று சொன்னது, ரீஸ்டார்ட் ஆனது. மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து மொழி என்ன என்று கேட்கிறது. மூன்று தடவை முழுசாகப் போட்டுவிட்டேன். (விருதுநகர்)

பென்டிரைவைப் பிடுங்குங்கள்.